அத்தைதான் வாசிப்பாள்

செலண்டார்,
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள தனபாலன் அண்ணனுக்கு,

திலகா எழுதுகிறேன். ஆமாம், நானேதான். பக்கத்தில் உட்கார்ந்து யாரும் எழுதித் தரவில்லை. உங்கள் மாப்பிள்ளை அங்கமுத்து செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு மில்லுக்கு லோரி ஓட்டிப் போயிருக்கிறார். வீட்டில் நானும் லேப்டாப்பும் மட்டும்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை தெங்கேராவில் உங்கள் வீட்டுக்கு ஷாந்தினியைப் பெண் கேட்டு வந்தவர்கள் முன்னால் ஒன்று சொன்னீர்கள். "பரிசத்தன்னிக்கு லக்கினப் பத்திரிகைய நானே வாசிச்சிர்றேன். எங்க திலகாவுக்குப் படிக்க வராது. அது தட்டு தூக்கிட்டு வரட்டும்." நம் வீட்டில் பரிசத்தன்று பெண்ணுக்கு அத்தையானவள்தான் எழுந்து நின்று பத்திரிகை வாசிப்பாள். ஷாந்தினிக்கு இருப்பது ஒரே அத்தை. அவள் நல்ல சேலை கட்டிக்கொண்டு உங்களுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அதற்குப் பிறகு நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் ஒன்றையும் நான் திறக்கவில்லை. இனியும் திறக்க மாட்டேன். ஊரில் எல்லாருக்கும் எழுதி அனுப்புகிறீர்கள், எனக்கு மட்டும் பேசி அனுப்புகிறீர்கள். சொல்ல வேண்டியது இருந்தால் மெயிலில் எழுதுங்கள். நான் படித்துக்கொள்வேன்.

எப்படி என்று கேட்பீர்கள். செலண்டார் இணைய மையத்தில் இருக்கிற மலாய்ப் பிள்ளைதான் காட்டித் தந்தது. பிரவுசரில் ஒரு பொத்தான் இருக்கிறது. தட்டினால் பக்கத்தில் இருக்கிற விளம்பரம், படம் எல்லாம் காணாமல் போய் எழுத்து மட்டும் நிற்கும். பெரிதாக, இடைவெளி விட்டு, மஞ்சள் தாளில் எழுதியதுபோல. ஒரு வரிதான் வெளிச்சமாக இருக்கும், மற்றதெல்லாம் மங்கிவிடும். ஒரு பெண் குரல் தமிழில் வாசிக்கும், வாசிக்கிற சொல்லின்மேல் நிறம் ஓடும். ஐந்து வயசிலிருந்து என் கண் முன்னால் குதித்துக்கொண்டிருந்த எழுத்தெல்லாம் ஒரு வழியாக உட்கார்ந்துவிட்டது. இது மந்தம் இல்லையாம் அண்ணே. டிஸ்லெக்சியா என்று பெயராம்.

இந்தக் கடிதத்தையும் வாயால் சொல்லித்தான் எழுதுகிறேன். வீட்டுப் பேச்சு பேசினால் கண்டதையும் எழுதி வைக்கிறது. அதனால் வானொலிச் செய்தி வாசிப்பவள்போல் திருத்தமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள்.

விஷயம் இதுதான். செப்டம்பர் எட்டாம் தேதி ஷாந்தினி பரிசத்தில் நான் வாசிப்பேன்.

இப்படிக்கு,
திலகா


தெங்கேரா,
9 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கை திலகாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சுங்கை ஊடாங்கில் ஷிப்ட் முடிந்து வந்து படித்தேன். நல்ல தமிழ். உண்மையிலேயே சந்தோஷம். நீ கெட்டிக்காரி இல்லை என்று நான் எந்தக் காலத்திலும் சொன்னதில்லை.

ஆனால் நீ என் இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். சம்பந்தி பெரியதம்பி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் வீட்டில் எல்லாரும் படித்தவர்கள். சிரம்பானிலிருந்து இரண்டு பஸ் நிறைய ஆட்கள் வருகிறார்கள். அத்தனை பேர் முன்னால் நீ காதில் வயரை மாட்டிக்கொண்டு, மெஷின் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னால் என்ன நினைப்பார்கள்? "இது என்ன சீக்கு? குடும்பத்துல யாருக்கெல்லாம் இருக்கு? நாளைக்குப் பொறக்கிற பிள்ளைக்கும் வருமா?" கேட்பார்களா மாட்டார்களா? நேரில் கேட்கமாட்டார்கள், பஸ்ஸில் திரும்பிப் போகும்போது கேட்பார்கள். நடுவில் நின்றுபோவது ஷாந்தினியின் கல்யாணம்.

நாலு பேர் முன்னால் அப்படிச் சொன்னது தப்பென்றால் மனசில் வைத்துக்கொள்ளாதே. உன்னைக் காப்பாற்றத்தான் சொன்னேன். சின்ன வயசிலிருந்து உனக்கு வந்த ஒவ்வொரு காகிதத்தையும் நான்தானே படித்துச் சொன்னேன்? என்றைக்காவது முகம் சுளித்தேனா? இதையும் என்னிடம் விடு.

உன் அண்ணி மங்களம் உன்னைக் கேட்டாள். போனையாவது எடு.

அன்புடன்,
அண்ணன் தனபாலன்


செலண்டார்,
13 ஆகஸ்ட் 2024

அண்ணனுக்கு,

போனை எடுக்க மாட்டேன். எழுத்தில் இருந்தால் நான் திரும்பத் திரும்பக் கேட்கலாம். போனில் நீங்கள் பேச ஆரம்பித்தால் நான் "சரிண்ணே" என்று சொல்லிவிட்டு வைப்பேன். இத்தனை வருஷமும் அதுதானே நடந்தது?

எல்லாக் காகிதத்தையும் படித்துச் சொன்னீர்கள் என்கிறீர்கள். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எப்படிப் படித்தீர்கள்? ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் வரும் கதையை ஆசையாகக் கொண்டுவந்து நீட்டுவேன். நீங்கள் கண்ணை ஓட்டிவிட்டு, "ஒருத்தன் ஒருத்திய ஏமாத்திட்டான், அவ கெணத்துல விழுந்துட்டா, அவ்வளவுதான்" என்பீர்கள். பிள்ளைகள் பள்ளியிலிருந்து ஒரு பக்கத்துக்குக் கடிதம் வரும். "கூட்டமாம், போனாப் போ, இல்லாட்டி வுடு." கோயில் திருவிழா நோட்டீஸ் இவ்வளவு நீளம் இருக்கும். "வழக்கம்போலத்தான்." நானும் உலகத்தில் எழுதியிருப்பதெல்லாம் ஒரு வரிதான் போலிருக்கிறது, எதற்கு இத்தனை தாளை வீணாக்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் முதல் தடவையாக ஒரு முழுக் கதையைக் கேட்டேன். அந்தக் குரல் அவசரமே படவில்லை. எனக்கு வேகம் கூடினால் குறைத்துக்கொள்ளலாம், புரியாத சொல்லைத் தொட்டால் பொருள் சொல்கிறது. கதையில் ஒரு பெண் மீன் வாங்குகிறாள். என்ன மீன், மீன்காரன் என்ன சொன்னான், இவள் ஏன் வாங்காமல் திரும்பினாள் என்று எவ்வளவு எழுதியிருக்கிறார்கள்! நான் அழுதேன் அண்ணே. கதைக்காக அழவில்லை. இத்தனை வருஷம் உங்களிடம் ஒரு வரியை வாங்கிக்கொண்டு திருப்தியாக இருந்தேனே, அதற்காக அழுதேன்.

சம்பந்தி வீட்டுக்காரர்கள் பஸ்ஸில் என்ன பேசுவார்கள் என்று பயப்படுகிறீர்கள். பேசட்டும். ஷாந்தினி இங்கே வந்திருந்தாள். "அத்தை, ஒங்களுக்குச் சீக்குன்னு சொல்ற வீட்டுக்கு நான் எதுக்கு வாழப் போகணும்? வாசிங்க லா அத்தை. பாத்துக்கலாம்" என்றாள். இதை அவள் உங்களிடமும் சொன்னாளாம். நீங்கள் எழுந்து குளிக்கப் போய்விட்டீர்களாம்.

பத்திரிகையை எனக்கு அனுப்பி வையுங்கள். பழகிப் பார்க்க வேண்டும்.

திலகா


தெங்கேரா,
22 ஆகஸ்ட் 2024

திலகாவுக்கு,

ஷாந்தினி என்னோடு பேசுவதில்லை. மங்களம் பேசுகிறாள், அது பேசாததைவிட மோசமாக இருக்கிறது. வீட்டில் சோறு மட்டும் கிடைக்கிறது.

சரி, நீயே வாசி. ஆனால் ஒரு காரியம் செய். அந்த வயரை வெளியில் தெரிய விடாதே. முடியை இரண்டு பக்கமும் தளர விட்டு, காது மறையும்படி பூ வைத்துக்கொள். போனைத் தாளுக்குப் பின்னால் பிடித்துக்கொள். தாளைப் பார்த்து வாசிக்கிற மாதிரி இருக்கட்டும். யாருக்கும் தெரியாது. உன் ஆசையும் நிறைவேறும், என் மானமும் நிற்கும்.

ஐயர் எழுதிக் கொடுத்த பத்திரிகையை இதோடு அனுப்பியிருக்கிறேன்.

அண்ணன்


செலண்டார்,
25 ஆகஸ்ட் 2024

அண்ணனுக்கு,

நீங்கள் அனுப்பியது பத்திரிகை இல்லை, பத்திரிகையின் போட்டோ. படத்தைக் காட்டினால் இந்தக் கருவி வாயை மூடிக்கொள்ளும். உள்ளே எழுத்து இருப்பதே அதற்குத் தெரியாது. மையத்துப் பிள்ளை அதைப் படத்திலிருந்து எழுத்தாக மாற்றித் தந்தது. பாதி சரியாக வந்தது, மீதி குப்பை. அதிலும் ஐயர் "த/பெ" என்று போட்டிருக்கிறார் பாருங்கள், அதைக் குரல் "த ஸ்லாஷ் பெ" என்று வாசிக்கிறது. நானும் அப்படியே பழகிவிட்டேன். "தினேஷ்வரன் த ஸ்லாஷ் பெ பெரியதம்பி" என்று நான் சமையலறையில் முழங்கியதைக் கேட்டு உங்கள் மாப்பிள்ளை சிரித்துச் சிரித்துப் புரையேறிக் கிடந்தார். மாப்பிள்ளைப் பையனுக்கு ஸ்லாஷ் என்று தாத்தா பெயராக்கும் என்கிறார். ஆகவே சுருக்கமில்லாமல், முழுச் சொல்லாக, ஒழுங்காகத் தட்டச்சுச் செய்து அனுப்புங்கள்.

பூ வைத்து மறைப்பது நடக்காது. நான் கொண்டை போட்டுக்கொண்டு வருவேன். இரண்டு காதும் பளிச்சென்று தெரியும். நீங்கள் மூக்குக் கண்ணாடியைப் பூ வைத்து மறைத்துக்கொண்டா பேப்பர் படிக்கிறீர்கள்?

மானம் என்று எழுதியிருக்கிறீர்கள். என்னுடைய பரிசம் ஞாபகம் இருக்கிறதா? எஸ்டேட் மண்டபத்தில் நம் காளியம்மா அத்தைதான் எழுந்து நின்று வாசித்தார். அத்தைக்கு ஓர் எழுத்து தெரியாது. மாயாண்டி மாமா பின்னால் நின்று காதில் சொல்லச் சொல்ல, அத்தை மண்டபம் அதிரும்படி சொன்னார். மாமா இருமினால் அத்தை நிறுத்துவார். மாமா மூச்சு வாங்கினால் அத்தையும் மூச்சு வாங்குவார். எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருவராவது சீக்கு என்றார்களா? நம் பெண்கள் எல்லாரும் அப்படித்தான் வாசித்தார்கள். அத்தை வாசித்தாள் என்றுதான் ஊர் சொன்னது. அத்தை காதில் மாமா இருந்தார், என் காதில் மெஷின் இருக்கும். அதில் எங்கே மானம் போகிறது?

திலகா


தெங்கேரா,
1 செப்டம்பர் 2024

திலகாவுக்கு,

உன் கடிதத்தை மங்களத்துக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் வாசித்தேன், ஒரு வரியில் முடிக்கவில்லை. காளியம்மா அத்தை இடம் வந்ததும் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பத்திரிகையை நானே உட்கார்ந்து தட்டச்சுச் செய்தேன். "தந்தை பெயர்" என்று முழுதாகவே போட்டிருக்கிறேன். இரண்டு விரலால் அடித்து முடிக்க ஒரு ஷிப்ட் ஓய்வுநாள் போய்விட்டது.

கொண்டையோ என்னவோ போட்டுக்கொள். ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் பிறக்கிறது. அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். சீக்கிரம் வா. எனக்கு இன்னும் பயம்தான்.

தனபாலன்


தெங்கேரா,
10 செப்டம்பர் 2024

திலகாவுக்கு,

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

தை மாதத்து மண்டபம் கிடைக்கவில்லை, மாசிக்கு மாற்ற வேண்டும் என்று பெரியதம்பி சம்பந்தி பரிசத்தன்று காலையில்தான் சொன்னார். நான் செய்த சதி இல்லை. ஐயர் தாளில் பழைய தேதியையும் மண்டபத்தையும் அடித்துவிட்டுப் பேனாவால் புதிதாக எழுதினார். உன் போனில் இருந்தது பழையது. நீ வாசித்துக்கொண்டே வந்து அந்த இடத்தில் நின்றுவிட்டாய். இரண்டு பஸ் ஜனமும் உன்னைப் பார்த்தது. என் தங்கை அத்தனை பேர் முன்னால் வாயடைத்து நிற்பதைப் பார்க்க முடியாமல் ஓடி வந்து, "நான் காதுல சொல்றேன், நீ திருப்பிச் சொல்லு" என்றேன். அது ஒரு குற்றமா?

"தள்ளி நில்லுண்ணே!"

மைக்கில் சொன்னாய். வாசல் பந்தலில் சமையல் செய்துகொண்டிருந்தவன்வரைக்கும் கேட்டது. என் மகள் பரிசத்தில், என் சம்பந்தி முன்னால், பெத்த பிள்ளையை அதட்டுவதுபோல் என்னை அதட்டினாய். பிறகு கல்யாணப் பெண் பட்டுச்சேலையோடு எழுந்து வந்து, உன் போனை வாங்கி, அந்த இரண்டு வரியை நின்றபடி தட்டிக்கொண்டிருக்கிறாள். எல்லாரும் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். நான் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

மாயாண்டி மாமாவைப் பற்றி அவ்வளவு எழுதினாயே. அன்று நான் மாயாண்டி மாமாவாக நிற்கத்தான் வந்தேன். நீதான் என்னை விரட்டினாய்.

நீ நன்றாகத்தான் வாசித்தாய். அதை நான் மறுக்கவில்லை. தட்டும் நேரத்துக்குள் மாற்றினோம். ஆனால் இது எனக்கு ஆறாது.

தனபாலன்


செலண்டார்,
12 செப்டம்பர் 2024

அண்ணனுக்கு,

"நில்லுண்ணே" என்று மரியாதை இல்லாமல் சொன்னதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். தள்ளி நிற்கச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

நீங்கள் ஓடி வந்தது பாசத்தில்தான் என்று எனக்குத் தெரியும். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. நீங்கள் என் காதுக்குப் பக்கத்தில் குனிந்ததும் நான் மூன்றாம் வகுப்பில் பலகை முன்னால் நிற்கிற பிள்ளையாகிவிட்டேன். உங்கள் வாடை, உங்கள் அவசரம், "சீக்கிரம் சொல்லித் தொலை" என்கிற மூச்சு எல்லாம் அப்படியே இருந்தது. இத்தனை நாள் பழகியது ஒரு நொடியில் போய்விடும்போல இருந்தது. அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருக்காவிட்டால் நான் உங்களுக்குப் பின்னால் "ம், ம்" என்று திருப்பிச் சொல்லிவிட்டு, ஆயுசுக்கும் அதைத்தான் செய்துகொண்டிருப்பேன்.

காளியம்மா அத்தைக்கு மாமாவை விட்டால் வேறு வழி இல்லை. எனக்கு வழி இருந்தது. தட்டச்சுச் செய்ய எவ்வளவு நேரம் ஆகும், எமகண்டத்துக்கு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஷாந்தினி எழுந்து வந்தாள். "எல்லாரும் ரிலேக்ஸ்லா, எங்க அத்தை வாசிப்பாங்க" என்று அவள் சொன்னது உங்கள் காதில் விழவில்லையா? அந்த நேரம் அத்தனை பேரும் காத்திருந்தார்கள். எனக்காக ஒரு மண்டபம் காத்திருந்தது அண்ணே! பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர்கூட எனக்காகக் காத்திருந்ததில்லை.

பெரியதம்பி ஐயா சாப்பாட்டுப் பந்தியில் என்னிடம் வந்தார். காதில் இருந்ததைக் காட்டி, "ஏம்மா, இது இல்லாம வாசிக்க முடியாதா?" என்று கேட்டார். "முடியாதுங்க" என்றேன். "அப்ப போட்டுக்கிட்டே வாசிக்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு மோர் வாங்கப் போய்விட்டார். பாராட்டவும் இல்லை, பரிதாபப்படவும் இல்லை. அவ்வளவுதான் விஷயம். நாம்தான் ஒன்றரை மாதம் தூங்காமல் கிடந்தோம்.

திலகா


தெங்கேரா,
22 செப்டம்பர் 2024

திலகாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் மூடி வைத்துவிட்டேன். எனக்குக் கோபம்தான் வந்தது. நேற்று ஷாந்தினி என் கம்ப்யூட்டரிலும் அந்தப் பொத்தானைப் போட்டுக் கொடுத்தாள். வீட்டில் யாரும் இல்லாதபோது உன் கடிதத்தை அந்தக் குரலில் கேட்டேன்.

அதற்குக் கோபப்படத் தெரியவில்லை. நீ எழுதியதை எழுதியபடி சொல்லிக்கொண்டே போகிறது. நான் படித்தபோது "தள்ளி நிற்கச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்" என்பதோடு நின்றுவிட்டேன், மீதியைக் கண்ணால் தாண்டிவிட்டேன். கேட்கும்போது தாண்ட முடியவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை என்று சொன்ன இடத்தில் நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன். பிறகு வந்து மறுபடி அங்கிருந்து கேட்டேன்.

என் மூச்சு உனக்கு அப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம்.

ஒன்று கேட்கிறேன், பதில் எழுது. உனக்குப் படித்துச் சொல்வதுதான் எனக்கு உன் அண்ணன் என்கிற வேலை. ஒரு காகிதம் வந்தால் அங்கமுத்துவிடம்கூடக் காட்டாமல் எனக்காக எடுத்து வைத்திருப்பாய். ஓய்வுநாளில் அதைப் படிக்கத்தான் செலண்டாருக்கு வருவேன். இனி நான் எதற்கு வருவது? உனக்கு நான் எதற்கு?

தனபாலன்


செலண்டார்,
24 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சாப்பிட வாருங்கள். காகிதம் இருந்தால்தான் வர வேண்டும் என்று யார் சொன்னது? வரும்போது தெங்கேரா பாசாரில் நல்ல மீனாகப் பார்த்து வாங்கி வாருங்கள். என்ன மீன், மீன்காரன் என்ன சொன்னான் என்று எனக்கு முழுக் கதையும் வேண்டும்.

எனக்குப் படித்துச் சொல்ல நீங்கள் வேண்டாம். அதில் மாற்றம் இல்லை. ஆனால் ஒரு வேலை இருக்கிறது. மாசி மாதம் கல்யாண விருந்தில் ஷாந்தினிக்கும் தினேஷ்வரனுக்கும் ஒரு வாழ்த்து மடல் எழுதப்போகிறேன். யாரும் எழுதித் தர வேண்டாம், யாரும் திருத்த வேண்டாம். ஒரு பக்கத்துக்குக் குறையாது.

அதை மேடையில் ஏறி நீங்கள் வாசிக்கிறீர்கள். ஷாந்தினியிடம் சொல்லிவிட்டேன், நிகழ்ச்சிநிரலில் உங்கள் பெயர் போட்டாயிற்று. சம்பந்தி வீட்டாரும் சுங்கை ஊடாங்கில் உங்களோடு வேலை செய்பவர்களும் இருப்பார்கள். அதில் உங்களைப் பற்றியும் எழுதுவேன். என்ன எழுதுவேன் என்று இப்போது சொல்ல மாட்டேன். கோபத்தையும் எழுதுவேன், மற்றதையும் எழுதுவேன். எது வந்தாலும் சுருக்காமல், தாண்டாமல், எல்லாருக்கும் கேட்கும்படி முழுவதையும் வாசிக்க வேண்டும்.

நான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். காதில் ஒன்றும் மாட்டிக்கொள்ள மாட்டேன்.

உங்கள் தங்கை,
திலகா